ஆறாம் வகுப்பில் கொயர்: டெக்சஸுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளை ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போதே, பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில், அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வந்துவிடும். கணிதம், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றில் நாம் முடிவு செய்ய அதிகம் இருக்காது. ஒரு வரிசையில் மட்டும் பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, கொயர் (பலர் சேர்ந்து பாடும் சேர்ந்திசை), நாடகம், ஓவியம் என்று எழுதி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருப்பார்கள். டெக்சஸ் மாநில விதிப்படி ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் ஒவ்வொரு மாணவரும் கலைப்பாடம் ஒன்றையாவது முடித்தாக வேண்டும். ஆகவே அந்த வரிசையை வெறுமனே விட முடியாது.

நம் வீடுகளில் இந்த முடிவு சட்டென்று எடுக்கப்பட்டுவிடுகிறது. வயலின் கற்ற பிள்ளை ஆர்கெஸ்ட்ராவுக்கு, மற்றவர்கள் பேண்டுக்கு. கொயர் என்றால் "நல்ல குரல் உள்ள பிள்ளைகளுக்கு" என்று ஒதுக்கிவிடுகிறோம். பாட்டு வகுப்புக்கே போகாத பிள்ளை அங்கே போய் என்ன செய்யும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்காகத்தான் ஆறாம் வகுப்புக் கொயர் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இசைக் குறியீட்டைப் படிப்பது, மூச்சைக் கையாள்வது, பக்கத்தில் பாடுபவரைக் கேட்டுக்கொண்டே தன் வரியை விடாமல் பிடிப்பது ஆகிய மூன்றையும் அங்கே அடியிலிருந்து சொல்லித் தருகிறார்கள். இவற்றில் எதுவும் பிறவியிலேயே வருவதல்ல.

சேர்வதற்கு முன்

ஆறாம் வகுப்புக் கொயருக்குப் பெரும்பாலான பள்ளிகளில் ஆடிஷன் கிடையாது. பெயர் கொடுத்தால் போதும். ஆனால் ஆகஸ்டில் பள்ளி திறந்த பிறகு, ஆசிரியர் ஒவ்வொருவரின் குரலையும் தனித்தனியாகக் கேட்பார். பிள்ளைகள் இதைத் தேர்வு என்று நினைத்து நடுங்குவார்கள். அங்கே நடப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பியானோ பக்கத்தில் நிற்கச் சொல்வார். ஐந்து ஸ்வரங்களை ஏற்றி இறக்கி வாசித்து, அதையே "ஆ" என்று பாடச் சொல்வார். பிறகு அரை ஸ்வரம் மேலே நகர்த்தி மறுபடியும், இன்னும் மேலே மறுபடியும். எங்கே குரல் சிரமப்படுகிறதோ அங்கே நிறுத்திவிட்டு, அதேபோல் கீழே இறங்குவார். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளையின் குரல் எந்த எல்லைக்குள் சுகமாக இருக்கிறது என்று குறித்துக்கொள்வதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. பாட்டு ஒன்று பாடச் சொன்னால், பிறந்தநாள் பாட்டே போதும்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. பேண்டிலும் ஆர்கெஸ்ட்ராவிலும் வாத்தியம் வாங்க வேண்டும், அல்லது மாத வாடகைக்கு எடுக்க வேண்டும். கொயரில் டி-ஷர்ட், கச்சேரி உடை, ஆண்டுக் கட்டணம், மே மாதச் சுற்றுலா என்று சில செலவுகள் உண்டு, அவ்வளவே. அதுவும் சுமை என்றால் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் வழி செய்வார்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சேர்ந்தவுடன் முதல் வேலை நாட்காட்டிதான். கச்சேரித் தேதிகளை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தந்துவிடுவார்கள். டெக்சஸ் பள்ளிகளில் கொயர் என்பது பள்ளி நேரத்தில் நடக்கும், மதிப்பெண் உள்ள ஒரு பாடம். மாலைக் கச்சேரிக்கு வருவதும் அந்த மதிப்பெண்ணில் சேரும். டிசம்பர் விடுமுறைக்கு இந்தியா போகிறவர்கள் டிக்கெட் விலை குறைவு என்று ஒரு வாரம் முன்னதாகக் கிளம்பினால், குளிர்காலக் கச்சேரி தவறிவிடும். நவராத்திரி கொலு அழைப்பு, தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழா, சலங்கை பூஜை எல்லாமே இந்தத் தேதிகளோடு மோதக்கூடியவை. தவிர்க்க முடியாத மோதல் என்றால் முதல் மாதத்திலேயே ஆசிரியரிடம் சொல்லுங்கள். நல்லபடியாக மாற்று வேலை தருவார். முந்தின நாள் இரவு சொன்னால், அந்தப் பிள்ளை நிற்க வேண்டிய இடம் மேடையில் காலியாக இருக்கும். பக்கத்தில் அதே வரியைப் பாடும் பிள்ளைக்குத்தான் அது கஷ்டம்.

வகுப்பில் என்ன நடக்கிறது

வகுப்பு பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் போகும். நிமிர்ந்து நிற்பது, தோளை உயர்த்தாமல் விலா விரிய மூச்சு இழுப்பது, உதடு நடுங்க விட்டு ஒலி எழுப்புவது, மேலிருந்து கீழே வழுக்கும் "ஊ". பிறகு சால்ஃபெஜ், அதாவது டோ, ரே, மி, ஃபா, சோல், லா, டி. பிறகு புதிய வரி ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் பாடும் பயிற்சி. இதைச் சைட் ரீடிங் என்கிறார்கள். கடைசியாகத்தான் பாட்டு.

இந்த அசைகளுக்கு அடிப்படை, பதினோராம் நூற்றாண்டு இத்தாலியில் கிடோ என்ற துறவி, மடத்துப் பிள்ளைகள் பாட்டைச் சீக்கிரம் கற்கட்டும் என்று வகுத்த முறை. அவற்றோடு சேரும் கைச்சைகைகளைப் பரப்பியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜான் கர்வென். ஹங்கேரியின் சோல்டான் கோடாய் வழிவந்த ஆசிரியர்கள் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வந்து பிள்ளை காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருந்தால் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். டோவுக்கு வயிற்றுக்கு நேராக மூடிய முஷ்டி. ரேவுக்குச் சாய்வாக ஏறும் கை. மிக்கு உள்ளங்கை தரையைப் பார்த்துத் தட்டையாக. ஃபாவுக்குக் கட்டைவிரல் கீழே. சோலுக்கு உள்ளங்கை தன்னைப் பார்த்து. லாவுக்கு மணிக்கட்டிலிருந்து தொங்கும் கை. டிக்குச் சுட்டுவிரல் மேலே. ஸ்வரம் ஏற ஏறக் கையும் வயிற்றிலிருந்து நெற்றிவரை ஏறும். எவ்வளவு உயரம் தாவுகிறோம் என்பதை உடம்பே நினைவில் வைத்துக்கொள்ளும்.

கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளைக்கு இதில் பெரிய அனுகூலம் இருக்கிறது. அதை ஆசிரியர் அறிந்திருக்க மாட்டார். நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். இங்கே பயன்படும் டோ ஓரிடத்தில் நிற்பதல்ல. நம் ஸட்ஜம் போலப் பாடுபவரின் ஆதாரத்தோடு நகர்வது. பாட்டு எஃப் மேஜரில் இருக்கிறது என்றால், நாலு கட்டையில் ஸட்ஜம் வைத்துச் சங்கராபரணத்தின் ஸ்வரங்களைக் கமகமின்றிப் பாடுவதாக எண்ணிக்கொண்டால் போதும். ஜி மேஜர் என்றால் ஐந்து கட்டை. மைனர் வந்ததும் பிள்ளைகள் குழம்புவார்கள், ஏனென்றால் பல ஆசிரியர்கள் அதை லாவிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அது கிரக பேதம். சங்கராபரணத்தின் தைவதத்தை ஆதாரமாக வைத்தால் நடபைரவி கிடைக்கிறதல்லவா, அதேதான். இதைப் பாட்டு டீச்சர் ஒரு முறை பாடிக் காட்டிவிட்டால், மற்றப் பிள்ளைகள் மாதக்கணக்கில் தடுமாறும் இடத்தை உங்கள் பிள்ளை எளிதாகக் கடந்துவிடும்.

அதே பிள்ளை மூன்று பழக்கங்களைக் கொயர் அறை வாசலில் விட்டுவிட வேண்டும். முதலாவது கமகம். அறுபது பேர் ஒரே ஸ்வரத்தில் நிற்கும்போது ஒருவர் மட்டும் அசைத்தால், அங்கே சுருதி கலங்கியதாகத்தான் கேட்கும். இரண்டாவது, நெஞ்சுக் குரலிலேயே மேலேயும் ஏறுவது. நம் முறையில் பெண் பிள்ளைகள் தாரஸ்தாயியிலும் அழுத்தமான குரலை விடுவதில்லை. இங்கே மேல் ஸ்வரங்களுக்கு லேசான, தலைக்குள் ஒலிக்கும் குரல் வேண்டும். முதலில் அது பலவீனமாக, யாரோ ஒருவருடைய குரலாகத் தோன்றும். சில மாதங்களில் பழகிவிடும். மூன்றாவது, தனித்துக் கேட்க வேண்டும் என்ற ஆசை. கொயரில் ஒரு குரல் தனியாகக் காதில் விழுந்தால் அது பாராட்டல்ல. "பக்கத்தில் இருப்பவர் உனக்குக் கேட்கவில்லை என்றால் நீ சத்தமாகப் பாடுகிறாய்" என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பாட்டு வகுப்பை இதற்காக நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி பேசும் பிள்ளைக்கு எங்கே எதைப் பேசுவது என்று தெரியும். இதுவும் அப்படித்தான் தெரிந்துவிடும்.

பாட்டுத் தாளைப் படிப்பது

பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரும் மெல்லிய பாட்டுப் புத்தகத்துக்கு ஆக்டேவோ என்று பெயர். முதல் முறை பார்க்கும்போது தலை சுற்றும். வீட்டில் இசைக் குறியீடு தெரிந்தவர் யாருமே இல்லை என்றாலும், கீழே உள்ள வரிசையில் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கலாம். நான் இதில் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். முதல் பாட்டில் இது விளங்கிவிட்டால் பிறகு மூன்று ஆண்டுகளுக்குக் கவலையில்லை.

முதலில், தலைப்புக்குப் பக்கத்தில் எத்தனை குரல்களுக்கான பாட்டு என்று எழுதியிருக்கும். இரண்டு பகுதி, மூன்று பகுதி, சோப்ரானோ-ஆல்டோ-பாரிடோன் என்று ஏதாவது. பிள்ளை எந்தப் பகுதி என்று கேளுங்கள். சோப்ரானோ மேல்குரல், ஆல்டோ அதற்குக் கீழே, பாரிடோன் உடைந்த அல்லது உடைந்துகொண்டிருக்கும் ஆண்குரல்.

அடுத்து, பக்கத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள். ஐந்து கோடுகள் கொண்ட தொகுதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். அவற்றை ஒரு பெரிய கோடு ஒரே கட்டாகச் சேர்த்திருக்கும். மேலே இருப்பது சோப்ரானோ வரி, அதற்கு அடுத்தது ஆல்டோ, அதற்கும் கீழே பாரிடோன், கடைசி இரண்டும் பியானோவுக்கு. இவை எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிப்பவை. கதைப் புத்தகம் படிப்பதுபோல் ஒரு வரி முடிந்ததும் நேர் கீழே உள்ள வரிக்கு இறங்கினால், பிள்ளை அடுத்தவருடைய பாட்டைப் பாடும். தன் வரி முடிந்ததும் மற்றவற்றைத் தாண்டி, அடுத்த கட்டில் தன் வரி எங்கே என்று தேட வேண்டும். ஆகவே பென்சிலை எடுத்து, ஒவ்வொரு கட்டிலும் தன் வரியின் தொடக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரம் போடச் சொல்லுங்கள். மையும் ஹைலைட்டரும் வேண்டாம். புத்தகம் பள்ளியுடையது, அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளை அதில் பாடும்.

மூன்றாவதாக, நேர்க்கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு பெட்டியும் ஒரு மெஷர், நம் தாளத்தின் ஆவர்த்தம் போல. அவற்றுக்கு எண் அச்சிட்டிருக்கும். இல்லையென்றால் தானே எழுதிக்கொள்ளலாம். ஆசிரியர் "இருபத்து மூன்றாம் மெஷரிலிருந்து" என்றதும் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை முதல் நான்கு மெஷரை இழந்துவிடும்.

நான்காவதாக, டோ எங்கே என்று கண்டுபிடித்து, சந்தேகமான ஸ்வரங்களுக்குக் கீழே அசைகளை எழுதுவது. எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டால் கண் குறியீட்டைப் பார்ப்பதையே விட்டுவிடும். தாவும் இடங்களுக்கு மட்டும் எழுதினால் போதும்.

பிறகு சொற்கள். ஆங்கிலத்தில் பாடும்போது எழுத்துகளைவிட உயிரொலிகள்தான் வேலை செய்கின்றன. "நைட்" என்ற சொல் நான்கு எண்ணிக்கைக்கு நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் இயல்பாகவே "இ"க்குச் சீக்கிரம் போய் அதில் நின்றுவிடுவார்கள். ஒலி மூக்கில் நசுங்கும். நான்கு எண்ணிக்கையும் "ஆ"விலேயே நின்று, முடிவில்தான் "இ"யையும் "ட்"டையும் தொட வேண்டும். அந்த "ட்" எந்த எண்ணிக்கையில் விழ வேண்டும் என்பதும் தாளில் பென்சிலால் குறிக்கப்பட வேண்டியதே. அறுபது பேர் அறுபது நேரத்தில் "ட்" சொன்னால் தகரக் கூரையில் மழை விழுந்தது மாதிரி இருக்கும். "ஸ்" அதைவிட மோசம், கொஞ்சம் நீட்டினாலே அரங்கம் முழுக்கச் சீறும். வீட்டில் பயிற்சி செய்யும்போது கவனிக்க ஏற்ற விஷயம் இது. பெற்றோருக்கு இசை தெரியாவிட்டாலும் சொல் எங்கே முடிகிறது என்று காது சொல்லிவிடும்.

மூச்சுக் குறி காற்புள்ளி போல இருக்கும். அது இல்லாத இடத்தில் மூச்சு எடுக்க நேர்ந்தால், பக்கத்தில் இருப்பவர் எடுக்காத இடமாகப் பார்த்து எடுத்துக்கொள்வது கொயரின் அழகான தந்திரங்களில் ஒன்று. கேட்பவருக்கு வரி அறுவதே தெரியாது.

வீட்டுப் பயிற்சி

நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஆசிரியர் அனுப்பும் ஒலிப்பதிவைப் போட்டு முதலில் பாடாமல் தன் வரியை மட்டும் கேட்பது, பிறகு சொல்லில்லாமல் தாளத்தை மட்டும் தட்டிச் சொல்வது, பிறகு டோ-ரே-மியில், கடைசியாகச் சொற்களோடு. தன் வரி உறுதியானதும், மற்றொரு பகுதியின் பதிவை ஓட விட்டு அதன்மேல் தன்னுடையதைப் பாட வேண்டும். உண்மையான பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது. ஆல்டோ பிள்ளைகளுக்கு இது மிகவும் அவசியம். பெரும்பாலும் மெட்டு சோப்ரானோவிடம் இருக்கும். ஆல்டோ அதன் கீழே மெட்டில்லாத ஒன்றைப் பாடிக்கொண்டிருக்கும். "உனக்கு ஏன் நல்ல பகுதி தரவில்லை" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு கொயரில் காது கூர்மையான பிள்ளைகளைத்தான் ஆசிரியர்கள் நடுவரியில் நிறுத்துகிறார்கள்.

குரல் மாறும் காலம்

ஆறாம் வகுப்பில் மணிபோலப் பாடிய பையன் ஏழாம் வகுப்பில் வாயைத் திறக்க மறுப்பான். நம் வீடுகளில் அந்த நேரத்தில் "குரல் உடைந்துவிட்டது, கொஞ்ச நாள் பாடாதே" என்று சொல்லிவிடுகிறோம். பாட்டு டீச்சர்கள்கூடச் சிலர் வகுப்பை நிறுத்தச் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால், பையனை அந்தக் கட்டத்தில் கொயரிலிருந்து எடுக்காதீர்கள் என்பதைத்தான் சொல்வேன்.

நடப்பது இதுதான். ஏறக்குறைய பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுக்குள், சிலருக்கு முன்னதாகவே, குரல்வளை வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பையனின் குரல் சுமார் ஒரு ஸ்தாயி இறங்குகிறது. இறங்கும்போது ஒரே சீராக இறங்குவதில்லை. மேல் ஸ்வரங்கள் சில நாட்கள் இருக்கும், சில நாட்கள் இருக்காது. கீழே புதிய ஸ்வரங்கள் முளைக்கும். நடுவில் ஓரிடத்தில் காற்று மட்டும் வரும். சில மாதங்களுக்கு ஐந்தாறு ஸ்வரங்களே கைவசம் இருப்பதும் உண்டு. இது நோயல்ல, இந்தக் கட்டங்களை ஆராய்ந்து வகைப்படுத்திய ஆசிரியர்களே உண்டு. ஜான் குக்ஸியின் படிநிலைகளை நடுநிலைப் பள்ளிக் கொயர் ஆசிரியர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மாறும் குரலுக்கென்றே குறுகிய எல்லைக்குள் அடங்கும் பகுதிகளை எழுத வேண்டும் என்று வாதாடியவர் இர்வின் கூப்பர். அந்தக் குரலுக்கு அவர் வைத்த பெயர் காம்பியாட்டா.

ஆகவே பையன் செய்ய வேண்டியது: குரல் நழுவுகிறது என்று தோன்றிய வாரமே ஆசிரியரிடம் போய், மறுபடியும் என் குரலைக் கேளுங்கள் என்று சொல்வது. அவர் பகுதியை மாற்றித் தருவார். தேவைப்பட்டால் ஓரிரு ஸ்வரங்களை மட்டும் ஒரு ஸ்தாயி மாற்றிப் பாடச் சொல்வார். இருக்கிற ஸ்வரங்களை லேசாக, மேலிருந்து கீழே வழுக்கிப் பாடுவது நல்லது. இல்லாத ஸ்வரத்தைக் கத்திப் பிடிப்பதுதான் கெடுதல். டெக்சஸின் பல பள்ளிகளில் பையன்களுக்குத் தனியாக டெனர்-பாஸ் கொயர் இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் குரல் கீச்சிடும்போது ஒருவனுக்கு மட்டும் வெட்கம் வருவதில்லை. வீட்டில் சிரிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. சிரித்த மாமாவையும் அத்தையையும் தனியாக அழைத்துச் சொல்லிவையுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறுகிறது; இதை யாரும் சொல்வதில்லை. இறக்கம் சில ஸ்வரங்கள் மட்டுமே. ஆனால் குரலில் காற்று கலக்கும், சேர்ந்தாற்போல் சில வாரங்கள் மங்கலாக ஒலிக்கும். சரியாகப் பயிற்சி செய்யவில்லை என்று கண்டிக்கக்கூடிய விஷயமில்லை அது.

தொண்டைப் பராமரிப்பு பற்றிச் சில வரிகள். குடிக்கும் தண்ணீர் உணவுக் குழாயில்தான் போகிறது. குரல் நாணை நேராக நனைப்பதில்லை. கச்சேரிக்கு ஐந்து நிமிடம் முன் ஒரு பாட்டில் தண்ணீர் குடிப்பதால் பயனில்லை. காலையிலிருந்தே குடித்துவர வேண்டும். கிசுகிசுப்பது தொண்டைக்கு ஓய்வு தராது, மெதுவாகப் பேசுவதே மேல். அடிக்கடி கனைப்பது நாண்களை மோத விடுகிறது. ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் இருப்பவர்களுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மலைச் சீடர் மரத்தின் மகரந்தம் பெரிய தொல்லை. மூக்கடைப்பும் தொண்டை வறட்சியும் ஆண்டின் முக்கியமான போட்டிக்கு முந்தின வாரங்களில் வந்து சேரும். ஆவி பிடிப்பது இதமாக இருக்கும். ஒவ்வாமை மருந்துகள் சில தொண்டையை உலர்த்தும் என்பதால், பிள்ளை பாடுகிறது என்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கச்சேரி நாள்

சொன்ன நேரத்துக்குப் பிள்ளை உள்ளே இருக்க வேண்டும். கச்சேரி தொடங்கும் நேரம் வேறு, பிள்ளை வர வேண்டிய நேரம் வேறு. மாலை நான்கு, ஐந்து மணிக்கு லேசாக ஏதாவது சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றோடு விளக்குகளின் சூட்டில் படிமேடையில் நின்று, முழங்காலை விறைத்துக்கொண்ட பிள்ளைகள் மயங்கி விழுவது உண்டு. முழங்காலைச் சற்றுத் தளர்த்தி நிற்க வகுப்பிலேயே பழக்குகிறார்கள். தலை சுற்றினால் அப்படியே உட்கார்ந்துவிடலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்று நீங்களும் சொல்லிவையுங்கள். கறுப்புக் காலுறை கேட்டால் கறுப்புக் காலுறைதான். கடைசி நேரத்தில் தேடி அலையாமல் ஆகஸ்டிலேயே ஒரு ஜோடி வாங்கி வைப்பது நல்லது.

பெற்றோருக்கு உரியது: தம் பிள்ளையின் குழு பாடி முடித்ததும் எழுந்து போகக் கூடாது. ஆறாம் வகுப்பு முதலில் பாடும், எட்டாம் வகுப்பு கடைசியில். சின்னப் பிள்ளைகள் இரண்டு ஆண்டுகளில் தாங்கள் எங்கே போய்ச் சேருவோம் என்பதை அன்றைக்குத்தான் கேட்கிறார்கள். பாட்டு நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், ஐபேடை உயர்த்திப் பிடித்துப் பின்னால் இருப்பவரை மறைப்பதும் நம்மவர்கள் விட வேண்டிய பழக்கம்.

டிசம்பர் நிகழ்ச்சியில் கிறிஸ்தவப் பாடல்கள் வரும். ஆண்டு முழுக்கவே லத்தீன் மொழித் துதிகள் வரலாம், ஏனென்றால் ஐரோப்பியக் கொயர் மரபு தேவாலயத்தில் வளர்ந்தது. பள்ளி அவற்றை இசைக்காகக் கற்பிக்கிறதே தவிர வழிபாட்டுக்காக அல்ல. நம் வீடுகளில் பெரும்பாலோருக்கு இது உறுத்துவதில்லை. உங்கள் சமய நம்பிக்கைக்கு ஒரு பாட்டு ஒத்துவரவில்லை என்றால், ஆசிரியரிடம் தொடக்கத்திலேயே மரியாதையாகச் சொல்லலாம்; மாற்று ஏற்பாடு கேட்பது உங்கள் உரிமை. தமிழ்ப் பாட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பல ஆசிரியர்கள் ஆவலோடு வாங்கிக்கொள்கிறார்கள். பல குரல் சேர்ந்திசை நமக்கு அந்நியமும் அல்ல, இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர்களைக் கூட்டிப் பாரதி பாடல்களை அப்படித்தான் பாட வைத்தார்.

போட்டிகள்

இரண்டு பெயர்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று ரீஜன் கொயர். டெக்சஸ் இசையாசிரியர் சங்கத்தின் வட்டாரப் பிரிவுகள், பல பள்ளிகளின் மாணவர்களை ஆடிஷன் வைத்துத் தேர்ந்தெடுத்து ஒரே மேடையில் பாட வைக்கின்றன. இலையுதிர் காலத்தில் நடக்கும். விதிகள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். மாணவர் பெயர் சொல்வதில்லை, எண்தான். குறிப்பிட்ட பாடல்களின் சில மெஷர்களைத் தனியாகப் பாட வேண்டும். தேர்வாகாத பிள்ளையும் யாருடைய துணையும் இல்லாமல் தன் வரியை முழுசாகப் பாடக் கற்றிருக்கும். அதற்காகவே ஒருமுறையாவது முயலச் சொல்வேன்.

மற்றொன்று யு.ஐ.எல். (யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக்) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமைப்பின் மதிப்பீடு. டெக்சஸ் பல்கலைக்கழகம் 1910-ல் தொடங்கிய அமைப்பு அது. வசந்த காலத்தில் பெரும்பாலும் ஏழு, எட்டாம் வகுப்புக் குழுக்கள் போகும். மேடையில் பாட்டுகளை மூன்று நடுவர்கள் கேட்பார்கள். பிறகு வேறோர் அறை, வேறு மூன்று நடுவர்கள். அங்கே யாரும் முன்பு பார்த்திராத பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். ஆசிரியர் சில நிமிடம் விளக்கலாம். பிள்ளைகள் கைச்சைகை காட்டலாம், தாளத்தைச் சொல்லலாம், ஸ்வரத்தைப் பாட மட்டும் கூடாது. அந்த அறையில் ஐம்பது பிள்ளைகள் உதடு அசைய, கை ஏறி இறங்க, ஒரு சத்தமும் இல்லாமல் பாட்டை மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு ஆதார ஸ்வரம் கிடைக்கும். துணை வாத்தியம் இல்லாமல் பாட வேண்டும். சிறு இடைவெளி, மீண்டும் ஒரு முறை. மதிப்பீடு ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஒன்று மிகச் சிறந்தது. இரண்டு அறையிலும் ஒன்று வாங்கினால் ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்ற கோப்பை. மற்றக் குழுக்களோடு போட்டியில்லை. எல்லோருமே ஒன்று வாங்கலாம்.

இப்படிப்பட்ட போட்டிகளில் கலந்துகொள்ளப் பொதுவாக மற்றப் பாடங்களிலும் தேர்ச்சி வேண்டும். 1984-ல் டெக்சஸ் இயற்றிய கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் தொடங்கி, பின்னர் திருத்தப்பட்ட விதிப்படி, மதிப்பெண் காலத்தின் முடிவில் ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால், பொதுவாகக் குறைந்தது மூன்று வாரம் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. ஒரு பிள்ளை விலகினால் மொத்த ஆல்டோ வரியும் மெலிந்துவிடும். மார்ச் மாத மதிப்பெண் அட்டையை மட்டுமாவது முன்கூட்டியே பாருங்கள்.

அடுத்த ஆண்டு

ஏழாம் வகுப்புக்கான படிவம் மறுபடியும் ஜனவரி, பிப்ரவரியில் வரும். இந்த முறை ஆடிஷன் இருக்கலாம். ஒரு பாட்டு, ஸ்வர வரிசை, நான்கைந்து மெஷர் சைட் ரீடிங். அதைப் பொறுத்து எந்தக் கொயர் என்று முடிவாகும். மேல்நிலைக் குழு கிடைக்கவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். குரல் மாற்றம் முடியாத பிள்ளைகளை ஆசிரியர்கள் வேண்டுமென்றே இன்னோர் ஆண்டு மென்மையான பாடல்களில் வைத்திருப்பதும் உண்டு. பிள்ளை விலக விரும்பினால், நடு ஆண்டில் வேண்டாம், மே வரை இருந்துவிட்டுப் போகட்டும். தொடர்ந்தால், உயர்நிலைப் பள்ளிப் பட்டத்துக்குத் தேவையான ஒரு கலைக் கிரெடிட்டை ஒன்பதாம் வகுப்புக் கொயரிலேயே வாங்கிவிடலாம். எட்டாம் வகுப்பின் வசந்த காலத்தில் அதற்கான ஆடிஷன் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.